‘ஒராளோட மட்டும்தான்’ என்கிற கணக்கு

தம்பி, வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 28 வயது, வேலை யாழ்ப்பாணத்திலேயே. வருகிற தையில் கலியாணம். இதற்கு முன் ஒரு பெண்ணோடு மட்டும் உறவு இருந்தது, அது முடிந்து ஒன்றரை வருடம். உங்களுக்கு முந்தி அவருக்கு வேறொருவர் இருந்தார் என்பது பிறகுதான் தெரியவந்தது. அந்த நாட்களில் ஒருக்கா சலம் போகும்போது எரிந்தது. பாமசியில் குளிசை வாங்கிப் போட்டீர்கள், மாறிவிட்டது. இப்போது கேட்கிறீர்கள்: “ஒராளோட மட்டும் இருந்தவனுக்கும் பாலியல் நோய் வருமோ? எத்தினை பேரோட போனால்தான் வரும்? டெஸ்ட் பண்ணப் பெரியாஸ்பத்திரிக்குப் போனால் ஆராவது தெரிஞ்ச ஆக்கள் கண்டிடுவினமே?”

ஒராளோடு மட்டும் இருந்தாலும் வரும். உங்களுக்கு வந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஒரு காலைப் பொழுதைச் செலவழித்தால் அதைத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் ‘ஒராள்தானே’ என்ற கணக்கில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. நான் அரச சேவையில் இருந்த காலத்தில் சில வருடம் பாலியல் நோய்க் கிளினிக்கில் வேலை செய்தவன், இப்போது ஓய்வு. அங்கே வந்த பெண்களில் கனபேர் வாழ்நாளில் ஒரே ஆணோடு இருந்தவர்கள், அதுவும் தாலி கட்டியவரோடு. அவர்கள் தங்கள் பக்கத்தில் ஒன்று என்றுதான் எண்ணினார்கள். மற்றப் பக்கத்தில் எத்தனை என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

எங்கள் ஊர் ஒழுங்கைகளை யோசித்துப் பாருங்கள். நீங்கள் இருக்கிற ஒழுங்கையில் நாலு வீடுதான் இருக்கும், ஓட்டோ கூடத் திரும்பாது. ஆனாலும் அது ஒரு சின்ன வீதியில் போய் முட்டுகிறது. அந்த வீதி காங்கேசன்துறை வீதியில் ஏறுகிறது, அதால் போனால் கண்டி வீதி, அங்கிருந்து கொழும்பு. உங்களுக்குத் தெரிந்தது உங்கள் படலையும் பக்கத்து வேலியும் மட்டும். பாலுறவுத் தொடர்பும் அப்படித்தான். உங்களோடு நேரே தொடுகிற ஆள் ஒருவர். அவரைத் தொட்டவர், அவரைத் தொட்டவர் என்று போகிற மிச்சப் பாதை உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

இதை அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரைந்தே பார்த்தார்கள். 2004இல் வெளியான ஆய்வு. ஒன்றரை வருடத்துக்குள் யார் யாரோடு உறவில் இருந்தார்கள் என்று மாணவர்களிடம் தனித்தனியாகக் கேட்டு, கோடு போட்டு இணைத்தார்கள். உறவில் இருந்த 573 பேரில் 288 பேர் ஒரே சங்கிலிக்குள் வந்தார்கள். நடுவில் ‘மோசமான ஆள்’ என்று விரல் நீட்டக்கூடிய ஒருவர் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒரு துணை, மிஞ்சினால் இரண்டு. தான் இவ்வளவு நீளமான சங்கிலியில் ஒரு கண்ணி என்று அதில் இருந்த ஒருவருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு அதில் பிடித்த இடம் வேறு: அப்படிப்பட்ட சங்கிலியை எந்த இடத்தில் அறுத்தாலும் அது இரண்டாகும். ஒரு சாதாரண ஆள், இரண்டே இரண்டு துணையோடு இருந்தவர், போய்ப் பரிசோதித்து மருந்து எடுத்தால் அவருக்கு அப்பால் இருக்கிற ஆட்களுக்கு அது வழியை அடைக்கிறது. தையில் கலியாணம் முடிந்தால் நீங்களும் அந்தச் சாதாரண ஆள்தான்.

அடுத்தது, ‘எத்தினை பேரோட போனால்’ என்ற கேள்வி. தொற்றுநோய்க் கணக்கில் மூன்று எண்களைப் பெருக்குவார்கள். ஒருமுறை சேரும்போது கிருமி தாவுகிற வாய்ப்பு எவ்வளவு, ஆட்கள் துணை மாற்றுகிற வேகம் எவ்வளவு, தொற்று வந்தவர் மருந்து எடுக்கும்வரை எவ்வளவு காலம் அதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பெருக்கி வருகிற விடை ஒன்றுக்கு மேலே நின்றால் நோய் பரவும், கீழே இறங்கினால் மெல்ல அணைந்துவிடும். எங்கள் ஊரில் எல்லாரும் இரண்டாவது எண்ணைப் பற்றித்தான் கதைப்போம். ஆர் ஆரோடு திரிகிறது, ஆற்றை பெட்டை ஆரோடு மோட்டச்சைக்கிளில் போனது என்று. முதலாவதைப் பற்றிக் கதைக்க வெட்கம். மூன்றாவதைக் கண்டுகொள்வதே இல்லை. என் பார்வையில் யாழ்ப்பாணத்தில் மிக நீண்டு கிடக்கிறது அந்த மூன்றாவதுதான். அது நீளக் காரணம் கிருமியில்லை, எங்கள் ஒளிப்பு.

இரண்டாவது எண்ணிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஐந்து வருடத்தில் இரண்டு துணை என்றால், முதல் உறவு முடிந்தபின் மற்றது தொடங்கியதா, இரண்டும் ஒரே காலத்தில் ஓடியதா என்பதைப் பார்க்கவேண்டும். ஒன்றின் பின் ஒன்றென்றால், இரண்டாமவரிடம் இருந்து வருவது முதலாமவருக்குத் திரும்பிப் போக வழியில்லை. ஒரே காலத்தில் என்றால் இரு பக்கமும் கதவு திறந்து கிடக்கிறது. எண்ணிக்கை ஒன்றுதான், பரவல் இரண்டு மடங்குக்கும் மேலே போகலாம். கொழும்பிலோ கட்டாரிலோ ஒரு தொடர்பு, ஊரில் மனைவி என்று வருடக்கணக்காக ஓடுகிற வாழ்க்கை, பல பேரோடு அடுத்தடுத்துப் பழகிய ஒரு பெடியனின் வாழ்க்கையைவிடச் சில நேரம் அதிகம் பரப்பும். ஊர் அந்தப் பெடியனைத்தான் ‘கெட்டுப்போனவன்’ என்னும். இரண்டு இடத்தில் வாழ்கிற அந்தக் குடும்பக்காரர் ஊருக்குப் ‘பொறுப்பான மனிசன்’.

பாதை திறந்ததால்தான் எல்லாம் வந்தது என்று சொல்லுகிற ஆட்களையும் கேட்டிருக்கிறேன். 2014 ஒக்டோபரில் யாழ்தேவி ரயில் திரும்பி வந்த நாளில் இருந்து ஊர் கெட்டது என்பது ஒரு பெரியவரின் கட்சி. நடமாட்டம் கூடினால் சங்கிலிகள் இணையும், அது உண்மை. ஆனால் ரயிலில் வந்த கிருமியை வருடக்கணக்கில் வீட்டுக்குள் வைத்து வளர்ப்பது ரயில் இல்லையே.

அந்த மூன்றாவது எண் எப்படி நீளுகிறது என்பதற்கு நான் கண்ட ஒன்றைச் சொல்லுகிறேன். ஒரு மேசன். இரண்டு உள்ளங்கையையும் மேசையில் மலர்த்தி வைத்தார். பழைய செப்புக்காசு நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள், கடி இல்லை, நோவு இல்லை. சீமெந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மூன்று கிழமையாக இரவில் தேங்காய் எண்ணெய் பூசியிருக்கிறார். உள்ளங்காலைக் காட்டச் சொன்னேன். அங்கேயும் அதே புள்ளிகள், காலில் அவர் எப்போதும் பூட்ஸ். இரண்டு மாதத்துக்கு முன் கீழே ஏதாவது புண் வந்ததா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, “ஒண்டு வந்தது டொக்டர். நோகேல்லை. அதுதான் பேசாமல் விட்டனான். தன்பாட்டில் மாறிட்டுது” என்றார்.

அவருக்கு இருந்தது சிபிலிஸ் என்கிற பாலியல் நோய். அது அப்படித்தான் நடந்துகொள்ளும். தொற்றி ஏறத்தாழ மூன்று கிழமையில், சிலருக்கு மூன்று மாதம் வரை சென்று, ஒரு புண் வரும். விளிம்பு கெட்டியாக இருக்கும், வலிக்காது. பெண்ணுக்கு உள்ளே வந்தால் அவர் காணவே மாட்டார். மூன்று முதல் ஆறு கிழமையில் மருந்து இல்லாமலே மாறிவிடும். ‘மாறிவிட்டது’ என்று ஆள் நினைக்கிற நேரத்தில் கிருமி இரத்தத்தில் ஏறியிருக்கும். பிறகு உள்ளங்கைப் புள்ளிகள், காய்ச்சல், தலைமயிர் கொட்டுதல். அதுவும் தானாக அடங்கும். பிறகு வருடக்கணக்கில் ஒரு சத்தமும் இல்லை, கடைசியில் சிலருக்கு இதயத்திலோ மூளையிலோ கைவைக்கும். இவ்வளவு பெரிய ஆட்டத்தை ஆரம்பத்தில் ஒரே ஒரு பென்சதீன் பெனிசிலின் ஊசியால் நிறுத்தலாம். காலம் சென்றிருந்தால் கிழமைக்கு ஒன்றாக மூன்று தடவை. 1943இல் முதன்முதல் பெனிசிலினால் சிபிலிஸைக் குணமாக்கினார்கள், இன்றுவரை அந்த மருந்துக்கு அந்தக் கிருமி மசிந்துகொண்டுதான் இருக்கிறது. மருந்து தோற்கவில்லை, நாங்கள்தான் ஊசியிடம் போவதில்லை.

இந்த இடத்தில் ஒரு பக்கக் கதை. பழைய ஆட்கள் இதைப் பறங்கிப்புண் என்பார்கள். போர்த்துக்கேயரின் தலையில் கட்டிய பெயர். பறங்கிச்சக்கை என்று நாட்டுமருந்துக் கடையில் விற்கிற கிழங்கும் இதற்குக் கொடுத்ததுதான். ஆனால் இலங்கையில் ‘பறங்கி’ என்று வன்னிப் பக்கமெல்லாம் முன்பு பரவிக் கிடந்த இன்னொரு புண்நோய் இருந்தது. பிள்ளைகளுக்குத் தோலோடு தோல் பட்டு வருவது, பாலுறவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இரண்டு கிருமியும் மிக நெருங்கிய உறவு, இரத்தப் பரிசோதனையிலும் ஒரே மாதிரித்தான் காட்டும். அந்தக் காலத்தில் எத்தனை அப்பாவிகளை ஊர் சந்தேகப்பட்டிருக்கும் என்று சில வேளை நினைப்பேன்.

இனி உங்கள் சலக்கடுப்புக்கு வருவோம். எங்களுக்குச் சலம் எரிந்தால் அது ‘சூடு’. இளநீர், வெந்தயம் ஊறப்போட்ட தண்ணீர், மல்லி அவித்த தண்ணீர். கேட்காவிட்டால் பாமசியில் போய்க் குரலைத் தணித்து, “அண்ணை, சலம் கடுக்குது, நல்ல குளிசையா ரெண்டு தாங்கோ”. அவரும் சிப்ரோ என்கிற கிருமிகொல்லிக் குளிசை நாலைக் கடதாசியில் சுற்றித் தருவார். பாமசிக்காரரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை, கேட்கிறவருடைய முகத்தைப் பார்த்தால் அவரும் என்ன செய்வார். எரிவு சாதாரணச் சலக்குழாய்த் தொற்றாகவும் இருக்கலாம், வெட்டை நோயாகவும் இருக்கலாம், கிளமிடியா என்கிற இன்னொரு பாலியல் தொற்றாகவும் இருக்கலாம். 28 வயது ஆணுக்குச் சலம் எரிந்தால் பாலியல் தொற்றைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். இளம் ஆண்களுக்குச் சாதாரணச் சலத்தொற்று அவ்வளவாக வருவதில்லை.

வெட்டை, அதாவது கொனோரியா, ஆணுக்கு வழக்கமாக இரண்டு நாளில் இருந்து ஒரு கிழமைக்குள் காட்டிவிடும். எரிவும், காலையில் உள்ளாடையில் மஞ்சள் கறையும். ஒரே தடவையில் ஆணிடம் இருந்து பெண்ணுக்குத் தொற்றுகிற வாய்ப்பு ஏறத்தாழப் பாதி, பெண்ணிடம் இருந்து ஆணுக்கு ஐந்தில் ஒன்று. அந்தக் கிருமி சிப்ரோவுக்குப் பயப்பட்ட காலம் உலகெங்கும் போய்விட்டது. இப்போது செஃப்ட்ரியாக்சோன் ஊசிதான் போடுகிறோம். நாலு சிப்ரோ எரிவைக் கொஞ்சம் தணிக்கும், ஆள் ‘சுகம்’ என்று நினைப்பார், கிருமி இருந்த இடத்தில் இருக்கும், அதோடு இன்னும் கொஞ்சம் முரடாகும். கிளமிடியா இதைவிட அமைதி. தொற்றிய பெண்களில் பெரும்பாலானவர்களுக்கும் ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கும் ஒரு அறிகுறியும் இல்லை.

அமைதியாக இருந்தாலும் அது சும்மா இருப்பதில்லை. பெண்ணின் கருக்குழாயில் ஏறி மெல்ல மெல்லத் தழும்பாக்கும். பிறகு கலியாணமாகி நாலு வருடம் பிள்ளை இல்லை என்று வருவார்கள். மாமியார் சாதகத்தைத் தூக்கிக்கொண்டு போவார், நாகதோஷம் என்பார்கள், நயினாதீவுக்கு நேர்த்தி வைப்பார்கள். நாகபூசணி அம்மனை நானும் கும்பிடுகிறவன்தான். ஆனால் அடைபட்ட குழாயைப் படத்தில் பார்க்கும்போது எனக்கு வருகிற ஆத்திரம் அந்தப் பெண்ணின் சாதகத்தில் இல்லை. பத்து வருடத்துக்கு முன் ஒரு ஆண் பாமசி வாசலில் குரலைத் தணித்த அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் கேள்வியில், “அவளுக்கு முந்தி ஒராள் இருந்தவராம்” என்று எழுதிய விதத்தில் ஒரு குற்றச்சாட்டு தெரிகிறது. ஏதாவது இருந்திருந்தாலும் அது எந்தப் பக்கம் இருந்து வந்தது என்று பரிசோதனை சொல்லாது. அவருக்கும் உங்களைப் பற்றி அதே கேள்வி இருக்கலாம். உங்களுக்கு ஏதாவது கண்டால் செய்யவேண்டியது அவருக்கு அறிவிப்பது. கிளினிக்கில் அதற்கென்று ஒரு துண்டு தருவார்கள், அதில் நோயின் பெயரோ உங்கள் பெயரோ பெரிதாக எழுதியிருக்காது. அதைக் கொண்டுவருகிறவருக்கும் இலவசமாக மருந்து. துணைக்கு மருந்து கொடுக்காமல் ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் பந்தடிப்பதுபோலத் திரும்பத் திரும்ப வரும். வெட்டையும் கிளமிடியாவும் ஒருமுறை வந்தால் பிறகு வராது என்கிற வகை இல்லை.

முதல் எண்ணையும் விட்டுவிடக்கூடாது. எல்லா உறவும் ஒரே அளவு ஆபத்தில்லை. எச்.ஐ.வி. உள்ள, மருந்து எடுக்காத ஒருவரோடு யோனிவழி உறவில் பெண்ணுக்கு ஒரு தடவைக்குத் தொற்றுகிற வாய்ப்பு பத்தாயிரத்தில் ஏறத்தாழ 8, ஆணுக்கு 4. குதவழியில் உள்வாங்குகிறவருக்கு அதே பத்தாயிரத்தில் 138. வாய்வழியில் எச்.ஐ.வி. மிக மிகக் குறைவு, ஆனால் சிபிலிஸும் வெட்டையும், கொப்புளமாக வருகிற ஹெர்பீஸும் அந்த வழியாக வரும். இந்த எண்களைப் பார்த்து ‘பத்தாயிரத்தில் நாலுதானே’ என்று ஆறுதல்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அது சராசரி. புதிதாகத் தொற்றியவரின் இரத்தத்தில் முதல் சில கிழமைகளில் வைரஸ் உச்சத்தில் இருக்கும், அப்போது அந்த எண் பல மடங்கு ஏறும். ஏதாவது புண் இருந்தாலும் ஏறும். அந்த முதல் கிழமைகளில் வருவது காய்ச்சல், தொண்டை நோவு, உடம்பில் சிவப்புத் தடிப்பு. மழைக்காலத்தில் எங்களுக்கு அது டெங்குதான். டெங்கு இல்லை என்று இரத்தம் காட்டினால், ‘ஏதோ வைரல்’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஆணுறை பற்றி ஊரில் இரண்டு கட்சி. ஒன்று, அது நூறு வீதம் காப்பாற்றும். மற்றது, அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. இரண்டும் பிழை. எச்.ஐ.வி., வெட்டை, கிளமிடியா போன்றவற்றுக்கு நன்றாக வேலை செய்யும். சிபிலிஸ், ஹெர்பீஸ், எச்.பி.வி. (கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தரக்கூடிய வைரஸ்) ஆகியவை உறை மூடாத தோலில் இருந்தும் தாவும் என்பதால் குறைக்கும், முழுதாக மறிக்காது. நான் அதிகம் கண்ட பிழைகள் வேறு. மோட்டச்சைக்கிள் சீற்றுக்குக் கீழே வைப்பது. சித்திரை வெயிலில் அந்தப் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்திருக்கிறீர்களா? இறப்பர் பாளம் பாளமாகிவிடும். பேர்ஸுக்குள் மாதக்கணக்கில் மடித்து வைத்தாலும் அதே கதி. இன்னொன்று, தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ வாசலினோ பூசுவது. எண்ணெய் பட்டால் அந்த இறப்பர் சில நிமிடத்தில் பலம் இழக்கும். ‘கிழிஞ்சுபோச்சு டொக்டர்’ என்று வந்தவர்களில் பாதிப்பேரிடம் எண்ணெய்க் கதை இருந்தது. வழுக்கல் வேண்டுமென்றால் தண்ணீரில் செய்த ஜெல் பாமசியில் இருக்கிறது.

கிழிந்தாலோ பயப்படும்படி ஏதாவது நடந்தாலோ 72 மணித்தியாலத்துக்குள் கிளினிக்குக்கு ஓடவேண்டும். 28 நாள் குளிசை போட்டால் எச்.ஐ.வி.யைத் தொடக்கத்திலேயே தடுக்கலாம். முந்தினால் அவ்வளவு நல்லது, மூன்று நாள் தாண்டினால் கொடுத்துப் பயனில்லை. தொடர்ந்து ஆபத்தில் இருக்கிறவர்களுக்கு முன்கூட்டியே போடுகிற குளிசையும் உண்டு.

இலங்கையில் முதல் இலங்கையருக்கு எச்.ஐ.வி. கண்டது 1987இல். அன்றைக்கு அது மரணச் சீட்டு. இன்றைக்கு அப்படியில்லை, இதைத்தான் எங்கள் ஊர் இன்னும் நம்ப மறுக்கிறது. மருந்து இலவசம். ஒழுங்காகக் குளிசை போடுகிறவரின் இரத்தத்தில் வைரஸ் அளக்க முடியாத அளவுக்கு இறங்கிவிடும். இறங்கி அப்படியே நின்றால் பாலுறவு மூலம் அவர் இன்னொருவருக்குக் கொடுக்கமாட்டார். இது ஆறுதல் பேச்சில்லை. 2019இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் ஒருவருக்குத் தொற்று உள்ள, மற்றவருக்கு இல்லாத 782 ஆண் சோடிகள், உறையில்லாமல் எழுபத்தாறாயிரத்துக்கு மேற்பட்ட தடவை. துணையிடம் இருந்து தொற்றியது ஒருவருக்கும் இல்லை. மூன்றாவது எண்ணை மருந்தால் சுன்னமாக்கினால் பெருக்கலின் விடையும் சுன்னம்தான்.

ஆண்களோடு உறவு வைக்கிற ஆண்களைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இதை வாசிக்கிறவர்களில் அவர்களும் இருப்பார்கள். அப்படிப்பட்ட உறவைக் குற்றமாக்குகிற, 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் தலைக்குமேல் தொங்க, அவர்கள் கிளினிக்கில் உண்மையைச் சொல்லப் பயப்படுகிறார்கள். சொல்லாவிட்டால் தொண்டையிலும் குதத்திலும் மாதிரி எடுக்கவேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது. சலத்தில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவோம், தொற்று தொண்டையில் இருக்கும். அவர்களில் கனபேர் வீட்டு நெருக்கடியில் பெண்ணையும் கட்டுகிறார்கள். இதில் யாரைக் குற்றம் சொல்ல? சட்டத்தையும் கலியாணப் புரோக்கரையும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

இந்த நாடு ஒன்றை நன்றாகச் செய்தது. கர்ப்பிணியாக முதல் தடவை கிளினிக்குக்குப் போகிற எல்லாப் பெண்ணுக்கும் சிபிலிஸுக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் எடுக்கிறார்கள். தாயில் இருந்து பிள்ளைக்கு இந்த இரண்டும் போவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. குடும்பநல உத்தியோகத்தர் சைக்கிளில் வீடுவீடாகப் போய் எழுதிய கொப்பிகளின் பலன் அது. ஆனால் அதிலும் ஒரு வேதனை உண்டு. மூன்று மாதக் கர்ப்பிணிக்கு இரத்தத்தில் சிபிலிஸ் கண்டதும், கணவனைக் கூட்டிவரச் சொன்னால், “அவருக்கு வேலை, வரமாட்டார்” என்ற பதிலோடு அவள் மட்டும் மூன்று தரம் வந்துபோவாள். ஊசி அவளுக்கு, சந்தேகப் பார்வையும் அவளுக்கு.

2017இல் இருந்து ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி பள்ளிக்கூடத்திலேயே போடுகிறார்கள், தொடங்கும்போது ஆறு மாத இடைவெளியில் இரண்டு. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 வீதம் அதன் இரண்டே வகையால் வருகிறது. ‘இந்த வயசிலை உதெல்லாம் ஏன்’ என்று மறுக்கிற தாய்மாருக்கு என் பதில்: இந்த வயதில் போட்டால்தான் அது நன்றாக வேலை செய்யும், ஒரு வகை தொற்றியபின் அந்த வகைக்குப் போட்டுப் பயனில்லை.

இப்போது உங்கள் பரிசோதனை. உறவு முடிந்து ஒன்றரை வருடம் என்பது ஒரு வகையில் வசதி. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு ஆறு கிழமையும், ஐயம்தீரச் சிபிலிஸுக்கும் சேர்த்து மூன்று மாதமும் காத்திருக்கவேண்டிய பிரச்சினை உங்களுக்கு இல்லை. இன்றைக்கு எடுத்தால் இன்றைய முடிவே முடிவு. இரத்தத்தில் எச்.ஐ.வி., வி.டி.ஆர்.எல். (சிபிலிஸுக்கான பரிசோதனை), மஞ்சட்காமாலை பி. சலத்தில் அல்லது பஞ்சுக்குச்சியில் வெட்டையும் கிளமிடியாவும். போகிற அன்று காலையில் இரண்டு மணித்தியாலமாவது சலம் போகாமல் வாருங்கள், மாதிரி நன்றாக வரும். மஞ்சட்காமாலை பி தடுப்பூசி இலங்கையில் குழந்தைகளுக்குத் தொடங்கியது 2003இல். உங்கள் வயதுக்கு அது கிடைத்திராது. தொற்று இல்லையென்றால் மூன்று ஊசியையும் போட்டுவிடுங்கள், முதலாவது இப்போது, அடுத்தது ஒரு மாதத்தில், கடைசி ஆறாம் மாதம்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பாலியல் நோய்க் கிளினிக்குக்குக் கடிதம் தேவையில்லை, காசும் இல்லை. உள்ளே நடப்பது இவ்வளவுதான்: மிஸ்ஸி (தாதி) ஒரு இலக்கம் தருவார், அதன்பிறகு உங்களை அந்த இலக்கத்தால்தான் கூப்பிடுவார்கள். டொக்டர் கேள்வி கேட்பார், கேள்விகள் கொஞ்சம் நேராக இருக்கும். எப்போது, எந்த வழியாக, உறை இருந்ததா, ஆணா பெண்ணா. முகத்தைச் சுளிக்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை. அந்தக் குளிசைக் கதையையும் மறக்காமல் சொல்லுங்கள், எத்தனை போட்டீர்கள் என்பது உட்பட. தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுக்கலாம்தான். ஆனால் அங்கே பெயர் எழுதவேண்டும், தாளை வாசித்து விளங்கப்படுத்த ஆளும் இருக்காது. ஒரு இடத்தில், சிபிலிஸ் முடிவை வரவேற்பு மேசையில் பத்துப்பேர் நடுவில் உரத்து வாசித்த கதையை என்னிடம் அழுதுகொண்டு சொன்னவர் உண்டு.

பெண்வீட்டுக்குச் சொல்லவேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்க நினைத்திருப்பீர்கள். பெண்வீட்டுக்கு ஒன்றும் சொல்லவேண்டாம். கட்டப்போகிற பெண்ணோடு கதையுங்கள். எங்கள் ஆட்கள் செவ்வாய் ஏழிலா எட்டிலா என்று பார்க்க மூன்று சாத்திரியிடம் போவார்கள், வி.டி.ஆர்.எல். என்றால் எழும்பிப் போய்விடுவார்கள். “நாங்கள் ரெண்டுபேரும் ஒருக்கா இரத்தம் டெஸ்ட் பண்ணுவம், தலசீமியாவும் பாக்கவேணுமாம்” என்று தொடங்கினால் கதை இலகு. பரம்பரையாக வருகிற இரத்த நோயான தலசீமியாவும் உண்மையில் பார்க்கவேண்டியதுதான், பொய்யில்லை. பழைய உறவைச் சொல்லுவதும் சொல்லாததும் உங்கள் இரண்டு பேரின் விஷயம். ஏதாவது கண்டால் மட்டும் அது உங்கள் விஷயம் இல்லை, மருந்து முடிந்து டொக்டர் சரி என்னும்வரை கலியாணத்தைத் தள்ளத்தான் வேண்டும்.

கடைசிக் கேள்வி, ஆராவது கண்டால்? காண்பார்கள், யாழ்ப்பாணம் சின்ன இடம். ஒருநாள் கிளினிக் வாங்கில் ஒருவர் இருந்தார், தொப்பியை இழுத்து மூக்குவரை விட்டுக்கொண்டு. கதவைத் திறந்துகொண்டு இன்னொருவர் வந்தார், இவரைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். இரண்டு பேரும் மச்சான் முறை, போன கிழமைதான் ஒரு பூப்புனித நீராட்டு விழாவில் ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டவர்களாம். ஐந்து நிமிடம் இருவரும் சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு வந்தவர் மெல்லப் பக்கத்தில் இருந்து, “உனக்கு எத்தினையாம் நம்பர்?” என்று கேட்டார். “பதினொண்டு.” “எனக்குப் பதினாலு. முடிஞ்சால் நில்லு, பஸ் ஸ்ராண்டில தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்.” பதினொன்று முடிந்து வெளியே வந்தவர் ஆஸ்பத்திரி வாசலில் முக்கால் மணித்தியாலம் காத்துக்கொண்டு நின்றதை நான் ஜன்னலால் கண்டேன்.